கிணற்றுத் தண்ணீரில் களைக்கொல்லி கலந்திருக்கிறதா? லேப்புக்கு அனுப்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானிலோ பழைய லயத்துப் பக்கமோ குடியிருந்துகொண்டு, கிணற்றுத் தண்ணீரைப் புழங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் கோயில் கிணறு செம்பனை வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்னதானச் சமையலுக்கு அந்தத் தண்ணீர்தான். அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று கமிட்டியில் முடிவெடுத்த பிறகு, யாரிடம் கேட்பது, எந்தப் பாட்டிலில் எடுப்பது, ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அது உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறுகளின் நிறையை மிக நுணுக்கமாக அளக்கும் ஹை ரெசொலூஷன் மாஸ் ஸ்பெக் என்ற இயந்திரத்தில் கொடுத்தால் தண்ணீரில் உள்ள எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்துவிடும் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நம் பக்கம் அதிகம் அடிக்கப்படும் களைக்கொல்லிகளில் ஒன்றான கிளைபோசேட்டே அதன் வழக்கமான ஸ்கிரீனிங்கில், அதாவது பல பொருளை ஒரே ஓட்டத்தில் தேடும் சோதனையில், சிக்காது. அதனால் இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கேள்வியைத் தயார் செய்யுங்கள்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று பட்டியல் எழுதுங்கள்

"மருந்து இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்டால் லேப்பில் உங்களுக்குப் பொதுவான ஒரு பேக்கேஜைக் கையில் கொடுப்பார்கள். அது உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துமா என்பதை அவர்கள் பார்க்கப் போவதில்லை.

தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களிடமோ மண்டோரிடமோ நயமாகக் கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காலி டின் கிடந்தால் தொட வேண்டாம், லேபிளை மட்டும் படம் எடுங்கள். மலாயில் 'பெராவிஸ் அக்தீப்' (மருந்தில் வேலை செய்யும் மூலப்பொருள்) என்று இருக்கும் வரிதான் முக்கியம். கம்பெனி வைத்த கவர்ச்சியான பெயர் லேப்புக்கு உதவாது.

செம்பனையில் பொதுவாக எதிர்பார்க்கக் கூடியவை: கிளைபோசேட், குளூபோசினேட், மெட்சல்பியூரான் மெதைல், டிரைகுளோபைர். காண்டாமிருக வண்டுக்குச் சைபர்மெத்ரின். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனாலும் ஒரு காலத்தில் அது ஓயாமல் அடிக்கப்பட்ட இடம் என்றால் பட்டியலில் அதையும் போடுங்கள்.

ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது அடிக்கப்பட்டது, அதற்குப் பிறகு எப்போது பெரிய மழை பெய்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

2. மலிவான சோதனையை முதலில் செய்யுங்கள்

கிணற்றுத் தண்ணீரில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் கிருமிதான். ஈ கோலை, நைட்ரேட், அம்மோனியா, பி.எச் அளவு, ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்கள் எல்லாம் சாதாரணச் சோதனையிலேயே தெரிந்துவிடும். நான் சொல்லப்போகும் பெரிய இயந்திரம் கிருமியைப் பார்க்காது. உலோகத்துக்கும் வேறு கருவி, வேறு பாட்டில். மருந்துச் சோதனையை மட்டும் செய்துவிட்டு "தண்ணீர் சுத்தம்" என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

3. இந்த இயந்திரம் எதற்கு நல்லது, எதற்கு ஆகாது

மாஸ் ஸ்பெக் என்பது மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து அவற்றின் நிறையை அளக்கும் கருவி. சாதாரணக் கருவி நிறையை முழு எண்ணாகத்தான் காட்டும். ஆர்பிட்ராப், கியூ-டாஃப் போன்ற உயர் பிரிதிறன் (ஹை ரெசொலூஷன்) கருவிகள் நாலு தசமத்துக்குப் போகும்.

அதனால் என்ன லாபம்? கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி இந்தக் கருவியில் 192.0768 என்ற இடத்தில் வரும். கொசுவிரட்டி லோஷனில் இருக்கும் டீட் 192.1383இல் வரும். சாதாரணக் கருவியில் நிறையை மட்டும் பார்த்தால் இரண்டுமே 192. உயர் பிரிதிறனில் இரண்டும் தனித்தனியாக நிற்கும். கொசுக்கடிக்கு லோஷன் தடவிய கையோடு கிணற்றடியில் பாட்டிலைத் திறந்தால் என்ன ஆகும் என்று இங்கேயே யோசித்துக்கொள்ளுங்கள். ஏழாவது படியில் திரும்ப வருகிறேன்.

இன்னொரு லாபம், பட்டியலில் இல்லாததையும் அது பதிவு செய்துவிடும். காபியில் இருக்கும் கஃபீனும், டயட் பானங்களில் போடும் சுக்ரலோஸும் கிணற்றில் தென்பட்டால் கழிவுத் தொட்டித் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். பழி எல்லாம் தோட்டத்துக்கு இல்லை என்பதும் சில நேரம் இப்படித்தான் தெரியவரும்.

ஆகாததும் உண்டு. கிளைபோசேட், குளூபோசினேட், பாராகுவாட் மூன்றும் தண்ணீரோடு மிகவும் ஒட்டும் வகை. வழக்கமான ஸ்கிரீனிங்கில் தண்ணீரைச் செறிவாக்கும் கட்டத்திலேயே அவை நழுவிவிடும், தப்பித்து வந்தாலும் பிரிக்கும் குழாயில் நிற்காமல் ஓடிவிடும். அவற்றுக்குத் தனி முறை வேண்டும். டி.டி.டி, சைபர்மெத்ரின் போன்றவற்றை ஆவியாக்கிப் பார்க்கும் ஜி.சி கருவியில்தான் நன்றாகப் பார்க்க முடியும். ஒரே விலையில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு லேப் சொன்னால், இந்த நாலைந்து பெயரைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

4. லேப்பைத் தேர்ந்தெடுப்பது

தனியார் லேப், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் என்று இரண்டு வழி. அரசாங்க ரசாயன இலாகா பெரும்பாலும் அரசுத் துறைகள் அனுப்பும் மாதிரிகளைப் பார்க்கும் இடம், உங்கள் முதல் கதவு அது இல்லை.

தனியார் லேப் என்றால் ஐ.எஸ்.ஓ 17025 தரச்சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மலேசியாவில் அதை வழங்குவது ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா, திட்டத்தின் பெயர் எஸ்.ஏ.எம்.எம். இங்கே ஒரு குழி இருக்கிறது. சான்று லேப்புக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் பொருளில், எந்த முறையில், எதை அளக்கலாம் என்ற பட்டியலோடு வரும். உணவுக்கும் மண்ணுக்கும் சான்று வைத்திருக்கும் லேப் தண்ணீருக்கும் வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. லெட்டர்ஹெட்டில் முத்திரை இருந்தால் போதாது, பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில் கருவி நவீனமாக இருக்கும், ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் பொறுமையாக விளக்குவார்கள். ஆனால் கருவி பழுதானாலும் செமஸ்டர் விடுமுறை வந்தாலும் உங்கள் பாட்டில் குளிர்பெட்டியில் காத்துக் கிடக்கும்.

மின்னஞ்சலில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். போனில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும்.

கிளைபோசேட்டும் அது சிதைந்து உண்டாகும் ஆம்பாவும் உங்கள் முறையில் அடங்குமா? நேர் மின்னூட்டம், எதிர் மின்னூட்டம் இரண்டிலும் ஓட்டுவீர்களா? (டிரைகுளோபைர் போன்ற அமில வகைக் களைக்கொல்லிகள் எதிர் மின்னூட்டத்தில்தான் நன்றாகத் தெரியும்.) ஒவ்வொரு பொருளுக்கும் அளந்து சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? எத்தனை பொருளுக்கு ஒப்பீட்டுத் தரமாதிரி (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அதே பொருளின் சுத்தமான மாதிரி) கையில் வைத்திருக்கிறீர்கள்? பாட்டில் நீங்கள் தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு "மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டு வந்தால் போதும்" என்று பதில் வந்தால் வேறு லேப் பாருங்கள்.

5. செலவும் காகிதமும்

அடிப்படைச் சோதனையைவிட இது பல மடங்கு விலை. மாதிரிக்குச் சில நூறு வெள்ளி என்று மனத்தில் வைத்துக்கொண்டு போனால் அதிர்ச்சி இருக்காது. குவோட்டேஷனில் கவனிக்க வேண்டியவை: விலை ஒரு பாட்டிலுக்கா, ஒரு முறைக்கா, கிளைபோசேட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா, வெற்று மாதிரிக்கும் (அது என்ன என்று ஆறாவது படியில் சொல்கிறேன்) காசு வாங்குவார்களா, சேவை வரி சேர்ந்ததா, அவசரக் கட்டணம் எவ்வளவு. ஸ்கிரீனிங்கில் ஏதாவது தென்பட்ட பிறகு அதன் அளவைச் சொல்ல இன்னொரு கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. அதையும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் என் யோசனை இதுதான்: ஆயிரம் பொருள் தேடும் பெரிய ஸ்கிரீனிங்கை ஒரு தடவை செய்வதைவிட, நிஜமாகவே அடிக்கப்படும் இரண்டு மூன்று மருந்துக்கு மட்டும், வெயில் காலத்தில் ஒரு முறையும் மருந்தடித்து மழை பெய்த பிறகு ஒரு முறையும் சோதியுங்கள். ஒரு நாள் தண்ணீர் ஒரு நாள் கதையைத்தான் சொல்லும்.

காகிதங்கள்: கமிட்டி அல்லது சங்கத்தின் கடிதம், பொறுப்பாளரின் ஐ.சி நகல், கிணறு இருக்கும் நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம், கிணறும் தோட்ட எல்லையும் வடிகாலும் தெரியும்படி கையால் வரைந்த படம், லேப்பின் மாதிரிக் கையளிப்புப் பாரம் (மாதிரியை யார், எப்போது கொடுத்தார் என்று எழுதும் படிவம்). பில் யார் பெயரில் வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கோயில் கணக்கில் எழுத வேண்டிய பணம் ஒருவருடைய சொந்தப் பெயரில் பில்லாக வந்தால் ஆண்டுக் கூட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

6. பாட்டில்

ஒரே பாட்டில் எல்லாவற்றுக்கும் ஆகாது.

பொதுவான பூச்சிக்கொல்லி ஸ்கிரீனிங்குக்குப் பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில், ஒரு லிட்டர். வெளிச்சம் பட்டால் சில மருந்துகள் சிதையும், அதற்குத்தான் பழுப்பு. கிளைபோசேட்டுக்கும் பாராகுவாட்டுக்கும் பிளாஸ்டிக், அதாவது பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இவை கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் எடுத்தால் மருந்து பாட்டிலிலேயே தங்கிவிட, தண்ணீர் சுத்தமானது போல ரிப்போர்ட் வரும். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்தான், நைட்ரிக் அமிலம் சொட்டு விட்டது. கிருமிச் சோதனைக்கு லேப் தரும் கிருமிநீக்கிய பாட்டில்.

லேப் தந்த பாட்டிலில் ஏற்கனவே ஏதாவது துளியோ பொடியோ இருந்தால் அலசிக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் கெடாமலிருக்க அவர்களே போட்டது அது.

கூடவே ஒரு வெற்று மாதிரி கேளுங்கள். லேப்பே தரும் தூய நீரை கிணற்றடியில் நின்று இன்னொரு பாட்டிலில் ஊற்றி மூடி அனுப்புவது. அதிலும் அதே பொருள் தென்பட்டால் அது கிணற்றிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. கை, காற்று, பாட்டில் மூன்றில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். காசை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். அதை வெட்டினால் பிறகு ரிப்போர்ட்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் உங்களிடம் பதில் இருக்காது.

7. தண்ணீர் எடுக்கும் நாள்

லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது 10 லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம். இந்தக் கருவிகள் அதற்கும் கீழே பார்க்கும். அதனால் கையில் இருக்கும் அழுக்கும் அதற்குத் தெரியும்.

அன்று காலையிலிருந்தே கொசுவிரட்டி லோஷன், ஸ்பிரே, வாசனைக் கிரீம் எதுவும் வேண்டாம். செம்பனை ஓரத்தில் கொசு பிய்க்கும், உண்மைதான். முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு போங்கள். காபி டம்ளரைக் கிணற்றடியில் வைக்காதீர்கள். சிகரெட் பிடிக்கிறவரைத் தூர நிறுத்துங்கள். மருந்தடிப்பில் வேலை செய்கிறவர் எவ்வளவு நல்ல மனசோடு உதவிக்கு வந்தாலும், அன்றைக்குப் பாட்டிலைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போடுங்கள், ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிது.

பம்ப் இருந்தால் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு எடுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. டேங்கிலிருந்து வரும் பைப்பில் எடுக்காதீர்கள், பம்புக்குப் பக்கத்திலுள்ள பைப்பில் எடுங்கள். இறைக்கும் கிணறு என்றால் கழுவிய எவர்சில்வர் வாளி, புதுக் கயிறு. வாளி அடிமண்ணைத் தட்டக் கூடாது. கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் மண்ணோடு ஒட்டும் தன்மை உடையவை. கலங்கல் தண்ணீரை எடுத்தால் நீங்கள் அளப்பது சேற்றை. தரையெல்லாம் சிந்தி ஓடட்டும், பரவாயில்லை. மூடியின் உட்பக்கத்தை விரலால் தொடாமல், கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நிரப்பி மூடுங்கள்.

பாட்டிலை நிரப்புவதற்கு முன்னாலேயே லேபிளை எழுதி ஒட்டிவிடுங்கள். ஈரப் பாட்டிலில் பேனா எழுதாது. இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர். பாட்டிலும் கிணறும் ஒன்றாகத் தெரிய ஒரு படம்.

8. பெட்டி கட்டி அனுப்புவது

ஐஸ் பெட்டியில் உருகும் ஐஸ் போட்டு 4 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள். உறைய விட்டால் கண்ணாடி வெடிக்கும். ஐஸ் தண்ணீர் பாட்டில் வாயில் படாமல் தனித்தனிப் பையில் கட்டுங்கள். கையளிப்புப் பாரத்தை இன்னொரு பையில் போட்டு மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

பெரும்பாலான பூச்சிக்கொல்லி முறைகளில் எடுத்த 7 நாளுக்குள் தண்ணீரிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் கெடாக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை. நமக்கு வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறு. வியாழக்கிழமை மாலை எடுத்து கூரியரில் போட்டால், பெட்டி சனி ஞாயிறு முழுக்க யாருடைய கிடங்கிலோ வெந்துகொண்டிருக்கும். ஞாயிறு மாலையோ திங்கள் விடியற்காலையோ எடுத்து, திங்கள் காலை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பினாங்கு லேப் என்றால் காரில் போய்த் திரும்புவது கூரியரைவிட நிம்மதி. கூரியர்தான் என்றால் கண்ணாடியும் தண்ணீரும் உள்ள பெட்டியை எடுப்பார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். மாதிரி வாங்கும் கவுண்டரை அலுவலக நேரம் முடிவதற்கு முன்பே மூடிவிடும் லேப்புகள் உண்டு.

கொடுக்கும்போது பெட்டியின் வெப்பநிலையை அளந்து பாரத்தில் எழுதச் சொல்லி, நகலில் நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள்.

9. ரிப்போர்ட்டை வாசிப்பது

முடிவு வரும் நாளை 'வேலை நாள்' கணக்கில் சொல்வார்கள். பெருநாள் குறுக்கே வந்தால் அது தனி.

'என்.டி' என்றால் கண்டறியப்படவில்லை. தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்பதைச் சரிபாருங்கள். பட்டியலில் கிளைபோசேட் பெயரே இல்லை என்றால், ரிப்போர்ட் முழுக்க என்.டி என்று இருந்தாலும் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. பெயர் இருந்தால் அதற்கு எதிரே உள்ள குறைந்தபட்ச அளவைப் பாருங்கள்.

உயர் பிரிதிறன் ஸ்கிரீனிங்கில் ஒவ்வொரு பொருளுக்கும் நம்பகத் தரம் போடுவார்கள். 2014இல் முன்வைக்கப்பட்ட ஐந்து படிகள் இப்போது பரவலாகப் புழங்குகின்றன. முதல் படி என்றால் உண்மையான தரமாதிரியோடு ஒப்பிட்டு உறுதியானது. இரண்டாம் படி, தெரிந்த பொருள்களின் பதிவுத் தொகுப்பான 'நூலக'த்தில் உள்ள பதிவோடு பொருந்துகிறது. மூன்றாம் படி, இப்படி இருக்கலாம் என்ற ஊகம். நான்கில் மூலக்கூறுச் சூத்திரம் மட்டும், ஐந்தில் வெறும் நிறை. முதல் படியில் வந்து, அளவும் சொல்லப்பட்ட பொருளை மட்டும் சட்ட வரம்போடு ஒப்பிடுங்கள். மற்றதெல்லாம் துப்பு. டெர்பியூதைலசின், புரோபசின் என்ற இரண்டு களைக்கொல்லிகளுக்கும் ஒரே சூத்திரம். எத்தனை தசமம் போனாலும் நிறையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஒரு நெடுவரிசையில் '1.8 பிபிஎம்' (பத்து லட்சத்தில் 1.8 பங்கு) என்று இருப்பதைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். அது பெரும்பாலும் நிறை அளவீட்டில் உள்ள பிழை, தண்ணீரில் உள்ள மருந்தின் அளவு அல்ல. 5க்குள் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். எங்கள் கமிட்டி வாட்ஸ்அப்பில் இந்த ஒரு நெடுவரிசைதான் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது.

அலகையும் கவனியுங்கள். 0.03 மில்லிகிராம், 30 மைக்ரோகிராம், 30,000 நானோகிராம் மூன்றும் ஒன்றுதான். 2,4-டி களைக்கொல்லிக்கு உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்குச் சொல்லும் அளவு அது. எந்த அளவுகோலைப் பிடிக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்தான். உலகச் சுகாதார நிறுவனம் கிளைபோசேட்டுக்கு உடல்நல அடிப்படையில் கணக்கிட்டது 900 மைக்ரோகிராம். ஒரே மருந்துக்கு 9,000 மடங்கு வித்தியாசம். பயமுறுத்த நினைக்கிறவர் முதலாவதைக் காட்டுவார், வாயை அடைக்க நினைக்கிறவர் இரண்டாவதைக் காட்டுவார். நம் நாட்டில் பார்க்க வேண்டியது சுகாதார அமைச்சின் தேசியக் குடிநீர்த் தர அளவுகள். அதில் இல்லாத மருந்தும் நிறைய உண்டு.

10. ஏதாவது தென்பட்டால்

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். கரி வடிகட்டி பல மருந்துகளைப் பிடிக்கும், கிளைபோசேட்டை அவ்வளவாகப் பிடிக்காது. விஷயம் தெளியும் வரை குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். ரிப்போர்ட், கையளிப்புப் பாரம், கிணற்றுப் படம், மருந்தடித்த தேதிக் குறிப்பு எல்லாவற்றையும் இணையுங்கள். நீங்களே எடுத்த தண்ணீரை வைத்து அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் தங்கள் பாட்டிலில், தங்கள் ஆளை வைத்து மறுபடி எடுப்பார்கள். அதனால் மருந்தடிக்கும் சுற்று எப்போது வரும் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். வறண்ட மாதத்தில் வந்து எடுத்துப் போனால் பலன் இருக்காது.

கடைசியாக, பணம் கட்டும்போதே கேட்டுவைக்க வேண்டிய ஒன்று. இந்தக் கருவி அன்று பார்த்ததை முழுசாகப் பதிவு செய்து வைக்கும். இன்னும் இரண்டு வருடம் கழித்து தோட்டத்தில் வேறொரு மருந்து அடித்தார்கள் என்று தெரியவந்தால், அந்த முறையில் சிக்கக்கூடிய பொருளாக இருக்கும் பட்சத்தில், பழைய பதிவைத் திறந்து தேடிப் பார்க்கலாம், புதுத் தண்ணீர் தேவையில்லை. மூலப் பதிவை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். தருவார்கள் என்றால் பென்டிரைவில் நகல் வாங்கி, கமிட்டிச் செயலாளரின் பைலில் ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.